கொறை சொன்னா டீ

மலையகத்தில், ஏன், இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும், பாராட்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, குறை சொன்னால் நாற்காலி போட்டு டீ ஊற்றிக் கொடுக்கிற ஒரே மனுஷி எங்கள் கொறை டீச்சர்தான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. இன்னொருத்தர் இருந்தால் அட்டன் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிடுவோம்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் அது ஞாபகம் இல்லை. நாற்பது வயதுக்குப் பக்கம். சீலைக்கு மேல் புருஷனுடைய ஸ்வெட்டர், காலில் கம்பூட்ஸ், தோளில் துப்பாக்கி மாதிரி மாட்டிய ப்ளாஸ்க். அதற்குள் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. அந்த டீ எல்லாருக்கும் கிடைக்காது. ஒரு குறை சொன்னால் ஒரு கப். அதுதான் சட்டம்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதை ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வடையைத் தின்றுவிட்டு, பொண்ணு நல்ல பொண்ணு என்று ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். இவர் தட்டோடு அங்கேயே நின்று, பார்த்து அஞ்சு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் எப்படித் தெரியும், ஏதாவது குறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "வடையில உப்பு இல்லைங்க" என்றாராம். அவரைத்தான் கட்டிக்கொண்டார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது, கெம்பஸில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்த காலத்தில். மஸ்கெலியா போகிற வழியில், அட்டன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவர், மலைச்சரிவில் ஒரு மிருகப் பூங்கா நடத்தினார். டீச்சருக்கு அங்கேதான் வேலை. கேட்டில் பெரிய போர்டு, போர்டில் வாயைப் பிளந்த சிங்கம். உள்ளே போனால் நுவரெலியாவில் சவாரி ஓடி ரிட்டயர் ஆன ஒரு மட்டக்குதிரை, எப்போதும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு எமு, ஆமைகள், முயல்கள், முள்ளம்பன்றி ஒன்று. குரங்குகளும் உண்டு. ஆனால் அவை சம்பளத்தில் இல்லை. கூரைமேல் உட்கார்ந்து எங்களைப் பார்க்க வந்தவை.

முதல் நாள் டீச்சர் என்னைப் பூங்கா முழுக்க நடக்கவிட்டுக் கடைசியில் எப்படி இருக்கிறது என்றார். நான் படித்த பிள்ளை இல்லையா, சூப்பராக இருக்கிறது டீச்சர் என்றேன். ப்ளாஸ்க் மூடியே திறக்கவில்லை. கேட்டில் சிங்கம் இருக்கிறது, உள்ளே இல்லையே என்று மெதுவாக இழுத்தேன். உடனே கப் வந்தது. "இப்பதான் வாயத் திறந்திருக்க. குடி."

எங்கள் வேலை சனிக்கிழமை வகுப்பு. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு மிருகங்களை வைத்துப் பாடம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிள்ளைகள் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். வலிப்பு வருகிற பையனை மலை இறக்கித் தினமும் தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயந்து வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற பாக்கியக்கா. பையனை இன்டர்நெட்டில் இங்கிலீஷ் பாடம் படிக்கவைக்கிற, பஜாரில் வேறொரு ஸ்டோர்ஸ் வைத்திருக்கிற அண்ணன். அப்புறம், செல்வராணி அக்காவின் மகள் அபி.

அபிக்கு ஒன்பது வயது. வீட்டில் பேசுவாள் என்று அம்மா சொன்னார். வாசல்படி தாண்டினால் வாய் பூட்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் கேலி பண்ணி, கிள்ளிப் பார்த்து, கடைசியில் காலையில் காலில் மாட்டுகிற சப்பாத்தைப் பார்த்தாலே வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். செல்வராணி அக்கா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்ட கையோடு மகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அழாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒரே நாள் சனிக்கிழமை. வந்ததும் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வகுப்பு முடியும் வரை எங்கள் குதிரைக்கு ஆறு கால்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போதுதான் முதலாளிக்குக் கல்யாண ஜோடிகளின் போட்டோ ஆசை வந்தது. கோட் போட்ட மாப்பிள்ளை, மட்டக்குதிரை, பின்னால் பனி. சனிக்கிழமைதான் ஜோடிகளுக்கு வசதியாம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எங்களைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"டீச்சர், பெத்தவங்களும் புள்ளைங்களோட பழைய ஸ்கூல் டீச்சர்மாரும் என்ன சொல்றாங்கன்னு எனக்குக் காட்டுங்க. புள்ளைங்களுக்கு உண்மையிலயே ஏதாச்சும் ஆகுதுன்னா நடத்துவோம். சும்மா மொசல் பாத்துட்டு பன் தின்னுட்டுப் போறதுன்னா, நான் ஜோடிங்களுக்குக் குடுத்துருவேன்."

இதற்குள் இன்னொரு விஷயமும் இருந்தது. அபியின் பழைய வகுப்பு சார், ரொம்ப நல்லவர், அபியைக் கண்டிப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் வைத்தால் பிள்ளை வீணாகிவிடும் என்பது அவர் கவலை. சனிக்கிழமை வகுப்பும் நின்றுபோனால் வேண்டாம் என்று சொல்ல செல்வராணி அக்கா கையில் ஒரு காரணமும் மிஞ்சாது. அக்கா அதைச் சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எமுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிப்பீட்டு வேலையை என் தலையில் போட்டுக்கொண்டேன். இதற்குத்தானே படித்தோம். போனில் தட்டுகிற மாதிரி கேள்விகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி என்று படம் வைத்து எல்லாருக்கும் அனுப்பினேன். செம வேலை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

வந்த பதில் அத்தனையும் சிரிக்கிற மூஞ்சி. பாதை எப்படி? சிரிக்கிற மூஞ்சி. டாய்லெட் எப்படி? சிரிக்கிற மூஞ்சி. எங்கள் டாய்லெட்டைப் பார்த்து முள்ளம்பன்றியே சிரித்ததில்லை. ஒரு அம்மா மரியாதைக்கு மூன்று மூஞ்சியையும் தொட்டிருந்தார். சார் மூஞ்சியெல்லாம் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் 'திருப்திகரம்' என்று எழுதி அனுப்பியிருந்தார். கல்வி அலுவலகத்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை.

முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என் கடையில கால் கிலோ சீனி வாங்குறவன்கூட எடை கொறையுதுன்னு சண்டைக்கு வர்றான். இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லையா? நீங்களே ஒக்காந்து தட்டுனீங்களா?"

எனக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. அன்று பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, டீச்சர் ப்ளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவரு கேக்குறது சரிதான் புள்ள. அபி வர்றா, குதிரைக்குப் பின்னால நிக்கிறா, போறா. என் வகுப்பு அவளுக்கு ஏதாச்சும் பண்ணுதா, இல்ல குதிரை பண்ணுதா? எனக்கே தெரியாது. தெரிஞ்சவங்க சொல்ல மாட்டேங்கறாங்க."

அடுத்த வாரம் முழுக்க, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயம் லயமாக ஏறி இறங்கினோம். எல்லா வாசலிலும் ஒரே பதில். "நல்லாருக்குங்க டீச்சர்." டீச்சர் ப்ளாஸ்கைத் திறந்து வாசனை காட்டியும் பார்த்தார். ம்ஹூம். அவர்கள் பொய் சொல்லவில்லை, அது பழக்கம். தோட்டத்தில் மேலே இருக்கிறவரிடம் குறை சொன்னால் மறுநாள் எந்த மலைக்கு வேலைக்கு அனுப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். செங்குத்தான மலைக்கு. அட்டை கடிக்கிற மலைக்கு. அதனால் கேட்கிறவர் யாராக இருந்தாலும் எல்லாம் நல்லாருக்குங்க. செல்வராணி அக்காவும் அதையேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வாசலில் நின்ற பாக்கியக்கா என்னவோ சொல்ல வாயெடுக்க, செல்வராணி அக்கா கண்ணாலேயே அடக்கினார். டீச்சர் இரண்டையும் பார்த்தார்.

வேலைக்குப் போகுமுன் பிடித்துவிடலாம் என்று ஒரு நாள் விடிகாலையில் பெரட்டுக் களத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்கு: காலையில் எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார், நேற்றைய குறைக்கு இன்றைக்குத் திட்டுவார். எடுத்த கொழுந்து போதாவிட்டால் முழுச் சம்பளம் கிடையாது, அரைப்பேர். நாங்கள் போன அன்றைக்கும் அதுதான் நடந்தது. எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும், பாக்கியக்கா இடுப்பில் கைவைத்து, தொண்டையைச் செருமி, அவரைப் போலவே ஒரு திட்டுத் திட்டினார் பாருங்கள். அச்சு அசல். பெண்கள் கூடையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து இறுக்கினார். "புள்ள, இவங்களுக்குக் கொறை சொல்லத் தெரியாதுன்னு யாரு சொன்னது? நிக்கிற எடம்தான் தப்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எங்கள் பெரட்டு.

புல்தரையில் நாற்காலிகளைப் போட்டு, பெற்றோரையும் சாரையும் உட்காரச் சொன்னார் டீச்சர். எதிரே வரிசையில் நிற்க வேண்டியது நாங்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரப் போனார். டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்து வரிசைக்குள் நிறுத்திவிட்டார். "நீங்க நடுவுல நில்லுங்க. உயரமா இருக்கீங்க." அவர் நின்றார். முதலாளி நிற்கத் தாங்கள் உட்காருவதா என்று பெண்கள் எழுந்தார்கள். டீச்சர் உட்காருங்கள் என்றார், உட்கார்ந்தார்கள். முதலாளி இருமினார், திரும்பவும் எழுந்தார்கள். இது கொஞ்ச நேரம் நடந்தது. எமு வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தது.

கடைசியில் டீச்சர் ஒரு மட்டக்கம்பை, கொழுந்து எடுக்கும்போது செடிமேல் வைத்து மட்டம் பார்க்கிற அந்தக் கம்பை, பாக்கியக்கா கையில் கொடுத்தார். "இன்னைக்கி நீங்க கணக்கப்பிள்ளை. நாங்க வேலைக்காரங்க. யாருக்கு முழுப்பேரு, யாருக்கு அரைப்பேருன்னு போடுங்க. காரணம் சொல்லிப் போடணும்."

பாக்கியக்கா கம்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், வேறு மனுஷியாகிவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"நீதானே கெம்பஸ் புள்ள? போன்ல மூஞ்சி அனுப்புனது?"

"ஆமாங்கக்கா."

"வெள்ளிக்கெழம காலையில, வெளக்கேத்துற நேரத்துல, அழுவுற மூஞ்சியத் தொடச் சொல்றியே, குடும்பம் வெளங்குமா? அரைப்பேரு."

பெண்கள் பக்கம் முதல் சிரிப்பு வெடித்தது. அப்புறம் கம்பு முதலாளியை நோக்கித் திரும்பியது.

"கேட்டுல சிங்கம் போட்டுருக்கீங்க. என் மகன் வந்த நாள்லேருந்து தேடுறான். சிங்கம் எங்க, லீவுல போயிருக்கா?"

"அது பெயிண்டர் தானா வரைஞ்சது..."

"பேச்சுக்குப் பேச்சு பேசக்கூடாது. அரைப்பேரு."

முதலாளி தலையைக் குனிந்தார். அவ்வளவுதான், எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது. வகுப்பு காலையில் வைக்கிறீர்களே, சனிக்கிழமை காலை நாங்கள் மலையில் நிற்கிறோம், பிள்ளையைக் கொண்டுவர எங்கள் அரை நாள் போகிறது என்று ஒருவர். டாய்லெட் போகிற பாதையில் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள் என்று ஒருவர். பையன் மாதக்கணக்கில் குதிரையைப் பற்றியே படிக்கிறான், வருஷக் கடைசியில் கனைக்கத் தொடங்கிவிடுவான் என்று ஸ்டோர்ஸ் அண்ணன். சாரும் மெதுவாக எழுந்து, தான் எழுதிய 'திருப்திகரம்' எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், பிள்ளைகள் பார்த்ததை ஒரு வரியாவது எழுத வைக்காதது பெரிய குறை என்றும் சொன்னார். டீச்சர் ஓடி ஓடி டீ ஊற்றினார். ப்ளாஸ்க் காலி. கேத்தல் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. திட்டு வாங்குகிற வரிசையில் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

பிறகு, "எனக்கு?" என்றார்.

பெண்கள் டீ கப்புக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என் வகுப்பப் பத்தி. என்னையப் பத்தி. ஒண்ணும் இல்லையா?"

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் நின்றார். ஆனால் கேத்தலைக் கீழே வைத்துவிட்டார். கண் குதிரைப் பக்கம் போனது. அங்கே வழக்கம்போல ஆறு கால்.

"இருக்கு டீச்சர்," என்றார் பாக்கியக்கா. குரலில் இப்போது கணக்கப்பிள்ளை இல்லை. "ஆனா அது செல்வராணி சொல்லணும்."

செல்வராணி அக்கா பதறிப்போய்த் தலையை ஆட்டினார். "வேணாங்கக்கா. சும்மா இருங்கக்கா."

"நீ சொல்லலைன்னா நான் சொல்றேன். செவுத்துக்கு இந்தப் பக்கம் நான்தானே கெடக்குறேன்." பாக்கியக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "சனிக்கெழம பொழுது சாஞ்சாப் போதும் டீச்சர். இவ மக கோழியெல்லாம் வரிசையா நிக்க வெச்சி வகுப்பு எடுக்குறா. எமு ஏன் பறக்கலைங்கறா, ஆமைக்குப் பல்லு இருக்காங்கறா. கோழி என்னத்தச் சொல்லும்? கொக்கொக்குங்குது. ஒடனே இடுப்புல கைய வெச்சிக்கிட்டு, 'நல்லாருக்குன்னு சொல்லாத. என்ன கொறை, அதச் சொல்லு'ன்னு ஒரு அதட்டு. லயத்துல ஒரு மனுசர் நியூஸ் கேக்க முடியல."

அந்த அதட்டு அப்படியே டீச்சரின் குரல். டீச்சரின் இடுப்பு. டீச்சர் கழுத்தைச் சாய்க்கிற சாய்ப்பு கூட. அபியிடமிருந்து பாக்கியக்காவுக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "யாரு? அபியா? எங்க அபியா பேசுறா?"

"பேசுறாளாவா? நீங்களாச்சும் நிப்பாட்டச் சொல்லுங்க சார்."

செல்வராணி அக்கா எழுந்து கையைப் பிசைந்துகொண்டு டீச்சர் முன்னால் வந்துவிட்டார். "மன்னிச்சிருங்க டீச்சர். ஒங்களப் பழிக்கணும்னு பண்ணல. சின்னப்புள்ள. இது தெரிஞ்சா வகுப்ப விட்டு நிப்பாட்டிருவீங்களோன்னுதான் சொல்லல."

இதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்தோம். நாங்கள் மூஞ்சி மூஞ்சியாக அனுப்பித் தேடிய விஷயம் ஒரு லயத்துச் சுவருக்குப் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதை மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பொத்தி வைத்திருந்தார்.

டீச்சர் டீ ஊற்றப் போனார். பாதி கப்பில், பாதி கம்பூட்ஸில். செல்வராணி அக்காவின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, பாக்கியக்காவிடம் கேட்டார்.

"சத்தம் ரொம்பவாக்கா?"

"ரொம்ப."

"அப்ப எனக்கு?"

பாக்கியக்கா மட்டக்கம்பைத் தோளில் சாய்த்து, நன்றாக யோசித்தார். "அரைப்பேரு."

"போதுங்கக்கா," என்றார் டீச்சர். கோவில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி நின்றார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

முதலாளி ஜோடிகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். வகுப்பு பின்னேரத்துக்குப் போனது. டாய்லெட் பாதைக்குக் கல் பதித்தார்கள். பெயிண்டரைக் கூப்பிட்டுச் சிங்கத்தைக் குதிரையாக மாற்றச் சொன்னார்கள். அந்த ஆள் பிடரி மயிரை அப்படியே விட்டுவிட்டதால் இப்போது அது என்ன மிருகம் என்று சொல்ல எங்களில் யாராலும் முடியாது. கண்டி விடுதிப் பேச்சை சார் எடுக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். எங்கே காணோம் என்று தேடினால், அன்றைக்குக் குதிரைக்கு எட்டுக் கால்.

அடுத்த வருஷம் டீச்சரின் புருஷனுக்கு உடப்புசல்லாவைப் பக்கம் வேலை மாறியது. வடையில் உப்பு இல்லை என்று சொன்ன மனுஷரை விட்டுவிட முடியுமா? டீச்சரின் கடைசி வகுப்பன்று எல்லாரும் பாராட்டிப் பேசினார்கள். டீச்சர் எரிச்சலோடு ஸ்வெட்டர் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைகிற நேரத்தில் குதிரைக்குப் பின்னாலிருந்து இரண்டு கால் கழன்று வந்தது. நேராக வந்து டீச்சர் முன்னால் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி,

"நீங்க போறது சரியில்ல டீச்சர்," என்றது.

டீச்சர் ப்ளாஸ்கைத் திறந்தார். சட்டம் சட்டம்தான். அபி அந்த டீயை ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு எனக்கும் அதே குறைதான் இருந்தது. நான் பெரிய கெம்பஸ் பிள்ளை இல்லையா, சூப்பர் டீச்சர், நல்லா இருங்க டீச்சர் என்று என்னவோ உளறிவிட்டு நின்றேன். கப் வரவில்லை. இப்போது வகுப்பை நான்தான் நடத்துகிறேன், ப்ளாஸ்க்கூட வாங்கிவிட்டேன், இஞ்சியும் தட்டித்தான் போடுகிறேன். அந்த ருசி வரவில்லை டீச்சர். இதுதான் இப்போது என் குறை. சொல்லிவிட்டேன், ஊற்றுங்கள்.